ஸ்ப்ரே கன் ஏன் துப்புகிறது? காற்றில் இயங்கும் பெயிண்ட் கன்னின் அன்றாடப் பராமரிப்பு

மரச்சாமான் பட்டறைக்காக 2 ஹெச்.பி. கம்ப்ரசரும், மேலே கப் பொருத்திய, 1.4 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை) உள்ள கன் ஒன்றும் வாங்கியதாகவும், எட்டு மாதங்களிலேயே கன் சீராகத் தூவாமல் விட்டுவிட்டுத் துப்புவதாகவும், ட்ரிகரை விட்ட பிறகும் நுனியில் லாக்கர் (மரத்துக்கு அடிக்கும் பளபளப்புப் பூச்சு) சொட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "தினமும் வேலை முடிந்ததும் கன்னை அப்படியே தின்னர் டப்பாவில் போட்டு இரவு முழுக்க ஊறவைக்கிறேன், இதைவிட எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது, புதுக் கன் வாங்கிவிடலாமா" என்பது உங்கள் கேள்வி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மரத்திலும் இரும்பிலும் தூவிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதுக் கன் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. ஆனால் அந்தத் தின்னர் டப்பாவை இன்றைக்கே ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் கன்னுக்கு வந்த இரண்டு நோய்களும் அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

காரணம் புரிய வேண்டுமானால் கன்னுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஸ்ப்ரே கன்னின் உடலுக்குள் ஒன்றோடொன்று சேராத இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று பெயிண்ட் வழி: கப்பிலிருந்து இறங்கும் லாக்கர் நாசிலின் நடுத்துளைக்கு வந்து நிற்கும், அந்தத் துளையை உள்ளிருந்து அடைத்துக்கொண்டிருப்பது நீடில் என்ற நீண்ட ஊசி. மற்றொன்று காற்று வழி: கைப்பிடியின் அடியில் நுழையும் காற்று, ஏர் வால்வைக் கடந்து, நாசிலைச் சுற்றியுள்ள மோதிரம் போன்ற மெல்லிய இடைவெளியிலும், நாசிலைச் சுற்றித் திருகியிருக்கும் ஏர் கேப் என்ற உலோக மூடியின் இரண்டு கொம்புகளில் உள்ள துளைகளிலும் வெளியேறும். ட்ரிகரைப் பாதி இழுத்தால் காற்று மட்டும் வரும். முழுவதும் இழுத்தால்தான் நீடில் பின்வாங்கி லாக்கரை விடும். இரண்டும் சந்திக்க வேண்டிய ஒரே இடம் ஏர் கேப்புக்கு வெளியே, நாசில் நுனிக்கு முன்னால் இருக்கும் திறந்த வெளிதான். மோதிர இடைவெளியிலிருந்து வரும் காற்று லாக்கரைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கிறது. கொம்புகளிலிருந்து வரும் காற்று அந்தக் கூம்பை இருபுறமும் அமுக்கி விசிறியாக்குகிறது. பெயிண்ட் காற்று வழிக்குள் போகாமலும், காற்று பெயிண்ட் வழிக்குள் புகாமலும் பார்த்துக்கொள்வதுதான் கன் பராமரிப்பு. கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கும்.

(இந்தக் கருவியின் பூர்வீகம் பெயிண்ட் பட்டறை அல்ல என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ நகர மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து தூவுவதற்காக ஒரு கருவியைச் செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தை 1907 வாக்கில் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். தொண்டையில் மருந்து தூவப் பிறந்த நுட்பம் என்பதை நினைவில் வைத்தால், இதன் துளைகளை எவ்வளவு மென்மையாகக் கையாள வேண்டும் என்பது தானாக விளங்கும்.)

முழுக் கன்னையும் தின்னரில் மூழ்கடிக்கும்போது என்ன ஆகிறது? டப்பாவில் இருப்பது சுத்தமான தின்னர் அல்ல. நேற்றைய லாக்கரும் முந்தாநாளைய சீலரும் (லாக்கருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கரைந்த குழம்பு. அது காற்று வழி முழுவதிலும் போய் நிரம்புகிறது. காலையில் எடுத்து உதறினால் முன்பகுதியில் இருப்பது வடிந்துவிடும். உடலுக்குள் வளைந்து செல்லும் காற்றுப் பாதைகளில் இருப்பது வடியாது. தின்னர் ஆவியாகிப் போனபின் லாக்கர் மட்டும் அங்கே மெல்லிய தோலாகப் படிகிறது. நாளுக்கு நாள் அந்தத் தோல் தடித்து, ஒரு நாள் சிறு செதிலாகப் பெயர்ந்து வந்து கொம்புத் துளையில் உட்காரும். அதே நேரத்தில் நீடிலைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கும், ஏர் வால்வின் வாசரும் தின்னரில் ஊறி உப்பியோ இறுகியோ போகின்றன; அவற்றில் இருந்த எண்ணெய்ப் பசையும் கழுவப்பட்டுவிடுகிறது. காய்ந்த பேக்கிங் நீடிலைப் பிடித்துக்கொண்டால் நீடில் முழுவதும் முன்னே வராது, நுனியில் சொட்டும். சுருங்கிய பேக்கிங் வழியாகக் காற்று உள்ளே இழுபட்டால் கன் துப்பும். எழுதி வைத்ததுபோல உங்கள் இரண்டு புகார்களும் இதில் இருக்கின்றன.

இனி அன்றாட வேலையைச் சொல்கிறேன். இதற்குப் பத்து நிமிடங்கள் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடங்கள் கடைசி கோட் முடிந்த உடனே வர வேண்டும், டீ குடித்துவிட்டு வந்தபின் அல்ல. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் மட்டுமே தூவுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சலுகை உண்டு: அது காய்ந்தாலும் தின்னரில் மீண்டும் கரையும். பி.யு. (பாலியூரித்தேன்), மெலமைன் போன்று ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து தூவுபவை அப்படியல்ல. அவை காய்வதில்லை, வேதிவினையால் இறுகுகின்றன. முழுவதும் இறுகிய பிறகு எந்தத் தின்னரும் அவற்றைக் கரைக்காது. கலவையின் ஆயுள் எவ்வளவு என்பது டப்பாவின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அது மிதமான வெப்பநிலைக்குச் சொல்லப்பட்ட கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். நடுவில் உணவுக்குப் போவதாக இருந்தாலும் பி.யு. நிரம்பிய கன்னைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள்.

மிச்ச லாக்கரைக் கப்பிலிருந்து ஊற்றிவிட்டு, கப்பின் உட்சுவரை ஒரு பிரஷ்ஷால் தின்னர் தொட்டுத் துடையுங்கள். பிறகு கால் கப் அளவுக்குத் தின்னர் ஊற்றி, மூடி போட்டுக் குலுக்கி, ஒரு மூடிபோட்ட தகர டிரம்மின் வாய்க்குள்ளோ பழைய துணிக்குள்ளோ குறைந்த காற்றழுத்தத்தில் தூவி வெளியேற்றுங்கள். இரண்டாவது முறை புதுத் தின்னர் ஊற்றி அதையே செய்யுங்கள். வெளியே வருவது நிறமில்லாமல் வரும்வரை இது தொடர வேண்டும். பொதுவாக மூன்று முறைக்கு மேல் தேவைப்படாது. சிக்கனம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது: கழுவிய தின்னரை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் இரண்டு நாளில் கசடு அடியில் தங்கி மேலே தெளியும், அந்தத் தெளிவை அடுத்து வரும் நாள்களில் முதலாவது கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசிக் கழுவல் மட்டும் எப்போதும் புதுத் தின்னராக இருக்கட்டும்.

சில பழைய ஆட்கள் ஏர் கேப்பை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அதன் முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு ட்ரிகரை இழுப்பார்கள். காற்று நாசில் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து கப்பில் குமிழியிடும், வழியில் ஒட்டியிருப்பதையும் தள்ளிக்கொண்டு போகும். கீழே கப் தொங்கும் உறிஞ்சு கன்களின் காலத்தில் அது நல்ல வழக்கமாக இருந்தது. மேலே கப் உள்ள கன்னில் இதைச் செய்வதை நான் விட்டுவிட்டேன். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் மூடியின் துளை வழியாகத் தின்னர் நேராகக் கண்ணுக்குத் தெறிக்கும். கை சற்று நழுவினால் அழுக்குத் தின்னர் காற்று வழிக்குள்ளும் போகும். லாபத்தைவிட ஆபத்து கூடுதல்.

தூவிக் கழுவி முடித்ததும் ஏர் கேப்பைக் கழற்றுங்கள். அதைத் தனியாகத் தின்னரில் போட்டு வைப்பதில் தவறில்லை, முழுக்க உலோகம்தான். ரப்பர் வளையம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். நைலான் பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் தேய்த்து, துளைகளுக்குள் ஏதேனும் இருந்தால் ஈர்க்குச்சியைச் சீவிக் கூராக்கி அதால் தள்ளி எடுங்கள். துடைப்பத்திலிருந்து உருவிய ஒரு ஈர்க்குச்சியைவிட நல்ல கருவியை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. பித்தளையைக் கீறாது, உள்ளே முறிந்தாலும் எளிதில் வந்துவிடும். தையல் ஊசி, குண்டூசி, பைண்டிங் கம்பி, துரப்பணத்தின் பிட் ஆகிய எதையும் அந்தத் துளைகளின் அருகில் கொண்டுபோகாதீர்கள். இரண்டு கொம்புகளின் துளைகளும் ஒரே அளவில் இருப்பதால்தான் விசிறி நேராக விழுகிறது. ஒன்றில் மட்டும் ஒரு சிறு கீறல் விழுந்து துளை அகன்றுவிட்டால், அந்தப் பக்கக் காற்று மற்றதைத் தள்ளி, விசிறி வாழைப்பழம் போல வளைந்துவிடும். அடைத்த துளையைச் சரிசெய்யலாம், அகன்ற துளையைச் சரிசெய்ய முடியாது.

அப்புறம் நாசிலின் முகத்தைப் பிரஷ்ஷால் துடைத்து, கன்னின் வெளிப்பக்கம் முழுவதையும் தின்னர் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள். இந்த நேரத்தில் கன்னின் மூக்கு கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கிப் பிடித்தால் வடியும் தின்னர் காற்று வழிக்குள் இறங்கும். கப் மூடியில் உள்ள சிறு காற்றுத் துளையை எல்லோரும் மறப்பார்கள். அது அடைபட்டால் கப்புக்குள் வெற்றிடம் உண்டாகி லாக்கர் இறங்காது, இறங்கினாலும் விட்டுவிட்டு இறங்கும். கன் துப்புகிறது என்று என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில், இந்த ஒரு துளையைக் குத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தவையும் உண்டு. கூலி வாங்க வெட்கமாக இருந்தது.

வாரத்துக்கு ஒருமுறை, பி.யு. அதிகம் தூவுகிறவர் என்றால் அன்றன்றைக்கே, உள்ளே இறங்க வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதலில் பின்பக்கத்து லாக்கர் அளவுத் திருகைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, நீடிலை நேராகப் பின்னால் உருவுங்கள். அதன் பிறகுதான் ஏர் கேப்; அதன் பிறகுதான் நாசில். நீடில் உள்ளே இருக்கும்போதே நாசிலைத் திருகினால், ஸ்பிரிங்கின் தள்ளலில் நீடிலின் கூம்பு நாசிலின் உட்படுகையில் உரசிக்கொண்டே சுற்றும், இரண்டும் தேயும். அந்தப் படுகை சரியாக இருந்தால்தான் சொட்டு நிற்கும். திரும்பப் பொருத்தும்போது இதே வரிசை தலைகீழாக: முதலில் நாசில், பிறகு ஏர் கேப், கடைசியில் நீடில். நாசிலை இறுக்கக் கன்னோடு வந்த ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். கட்டிங் பிளேயரால் பிடித்தால் முனை மழுங்கும். முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் அலுமினிய உடலில் உள்ள மரை கழன்றுவிடும், பிறகு அந்தக் கன் காகிதங்களுக்கு மேல் வைக்கத்தான் உதவும். ஆனால் தளர்வாக விட்டாலும் குற்றமே: நாசிலின் பின்பக்கத்தில்தான் காற்று வழியும் பெயிண்ட் வழியும் ஒரு மெல்லிய சுவரால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே நாசில் சரியாக உட்காரவில்லையென்றால் காற்று பெயிண்ட் வழிக்குள் புகுந்து கப்பில் குமிழி குமிழியாக வரும். கப்பில் குமிழியைப் பார்த்தால் முதல் சந்தேகம் நாசில் மீதுதான் விழ வேண்டும்.

உருவிய நீடிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனிக் கூம்பில் வட்டமாக ஒரு பள்ளம் தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். கண்ணாடிப் பலகையின் மீது உருட்டினால் நுனி ஆடினால் வளைந்திருக்கிறது. கன்னை எங்கோ கீழே போட்டிருக்கிறீர்கள். வளைந்த நீடிலை நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணெய் இடுவதும் வாரந்தோறும் செய்ய வேண்டியது. ட்ரிகரின் அச்சாணி, ஏர் வால்வின் தண்டு, நீடில் பேக்கிங்கைக் கடந்து செல்லும் இடம், திருகுகளின் மரை ஆகியவற்றில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். நீடில் ஸ்பிரிங்குக்கு வாசலின் லேசாகத் தடவலாம். கடையில் கிடைக்கும் எந்த எண்ணெயும் ஆகும் என்று நினைத்து சிலிக்கான் கலந்த ஸ்ப்ரேயை மட்டும் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள். எங்கள் பட்டறையில் ஒருமுறை இரண்டு வாரங்களுக்கு எந்தப் பலகையில் தூவினாலும் மீன் கண் போல வட்டவட்டமாக லாக்கர் விலகி நின்றது. மரத்தைச் சந்தேகித்தோம், தின்னரை மாற்றினோம், சீலர் கொடுத்த கடைக்காரரிடம் சண்டையும் போட்டோம். கடைசியில் பார்த்தால், புதிதாக வந்த பையன் ஒருவன் கன்னின் ட்ரிகர் இறுக்கமாக இருக்கிறதென்று காரின் டாஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்ப்ரேயை அதில் அடித்திருந்தான். அந்தக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பேக்கிங் நட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நீடிலைச் சுற்றி லாக்கர் பின்னால் கசிந்தால் அதை இறுக்க வேண்டும். ஆனால் முழு மூச்சாக இறுக்கக் கூடாது. முதலில் விரலால் முட்டும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ட்ரிகரை விட்டதும் நீடில் தயங்காமல் பட்டென்று முன்னே போய் உட்காரும் நிலையில் நிறுத்துங்கள். கசிவு நின்று, நீடிலும் சுலபமாக ஓடினால் அதுவே சரியான இறுக்கம். இரண்டும் சேர்ந்து அமையவில்லை என்றால் பேக்கிங் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

இதுவரை பெயிண்ட் பக்கம் பார்த்தோம். காற்றுப் பக்கத்தைப் பலர் பராமரிப்பாகவே கருதுவதில்லை. உங்கள் கேள்வியிலும் கம்ப்ரசரைப் பற்றி அதன் ஹெச்.பி.யைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆனால் கன்னுக்குள் போகும் பொருள்களில் அளவில் பெரியது காற்றுதான், அதோடு தண்ணீரும் வருகிறது. எவ்வளவு என்று ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் ஈரத்தைத் தாங்கும். ஈரப்பதம் 75 சதவீதமாக உள்ள கடலோர ஊரில் அதில் சுமார் 23 கிராம் இருக்கும். அந்தக் காற்றை டேங்கில் 8 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தத்துக்கு அமுக்கினால் கன அளவு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது; பழைய வெப்பத்துக்கே ஆறியதும் மூன்றரை கிராமுக்குமேல் அதால் தாங்க முடியாது. மிச்சம் 19 கிராம் தண்ணீராக விழுந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 12 கன மீட்டர் உள்ளே போகும். அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், ஒரு பெரிய டம்ளர் நிறைய.

அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு டேங்கின் அடியில் தங்கும். டேங்கின் அடியில் உள்ள வடிகால் வால்வை ஒவ்வொரு நாளும் மாலையில், சிறிதளவு அழுத்தம் மீதமிருக்கும்போதே திறந்து, பழுப்புத் தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை விடுங்கள். மாதக் கணக்கில் தண்ணீர் தேங்கிய டேங்க் உள்ளிருந்து துருப்பிடித்து மெலியும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும் தகடு காகிதமாகியிருக்கும். வெடித்தால் அது கன் பழுதாகும் விஷயமாக இருக்காது. அதனால் டேங்கின் அடியில் கசிவு தெரிந்தால் வெல்டிங் வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள், டேங்கையே மாற்றுங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்து, காற்று சீறி வருகிறதா, விட்டதும் அடைகிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

மற்றொரு பங்கு தண்ணீர் ஆவியாகவே டேங்கைக் கடந்து, குழாயில் ஆறும்போது துளியாகிறது. அதைப் பிடிக்கத்தான் ஃபில்டரும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சேர்ந்த வாட்டர் செப்பரேட்டர். அதைக் கம்ப்ரசரின் மேலேயே மாட்டி வைத்திருப்பதைத்தான் பெரும்பாலான பட்டறைகளில் பார்க்கிறேன். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும். ஆவியாக இருக்கும் ஈரம் ஃபில்டரைச் சிரித்துக்கொண்டே கடந்து, பத்தடி தள்ளி ஹோஸுக்குள் தண்ணீராக மாறும். கம்ப்ரசரிலிருந்து சில மீட்டர் இரும்புக் குழாய் ஓட்டி, காற்று ஆறிய இடத்தில், தூவும் இடத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டுங்கள். அதன் கண்ணாடி போன்ற கிண்ணத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறும் முன் வடித்துவிட வேண்டும். கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட்; தின்னரால் துடைத்தால் வெடிப்பு விழும், சோப்புத் தண்ணீரே போதும்.

மழைக்காலத்தில் என்.சி. லாக்கர் வெள்ளை பூத்துப் போவதற்கும் கம்ப்ரசர் தண்ணீரையே எல்லோரும் குற்றம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்ந்து, சுற்றியுள்ள ஈரக் காற்று அதன்மேல் பனியாகப் படிவதாலும் வெள்ளை பூக்கும். வேறுபாடு காண்பது எளிது: பரவலாகப் புகை படிந்ததுபோல இருந்தால் அது வானிலை, ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னர் அதற்குப் போதும், துளித்துளியாகக் குழிகளோ புள்ளிகளோ இருந்தால் ஹோஸில் தண்ணீரோ எண்ணெயோ வருகிறது. ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் கன்னின் காற்றை மட்டும் அரை நிமிடம் ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர்க் கறை காய்ந்து மறையும், எண்ணெய்க் கறை மறையாது. எண்ணெய் வந்தால் கம்ப்ரசரின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். அதற்கென்று விற்கும் கம்ப்ரசர் ஆயிலையே, எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கண்ணாடி வட்டத்தின் நடுவரை மட்டும், தயாரிப்பாளர் சொன்ன மணிக் கணக்குப்படி மாற்றி ஊற்றுங்கள். வண்டிக்கு வாங்கிய மிச்ச எஞ்சின் ஆயில் வேண்டாம். மரத்தூள் பறக்கும் பட்டறையில் காற்றை உள்ளே இழுக்கும் ஃபில்டர் ஒரு வாரத்திலேயே அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். முடிந்தால் கம்ப்ரசரையே தேய்ப்பு வேலை நடக்கும் இடத்திலிருந்து வெளியே வைப்பது இன்னும் நல்லது.

ஹோஸ் விஷயத்தில் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 6 மி.மீ. உள்விட்டமுள்ள நீண்ட ஹோஸில், ரெகுலேட்டரில் காட்டும் அழுத்தத்தில் கணிசமான பங்கு வழியிலேயே போய்விடும். 8 மி.மீ. ஹோஸ் போடுங்கள். அழுத்தத்தையும் சுவரில் உள்ள ரெகுலேட்டரில் பார்க்காமல், கன்னின் கைப்பிடியில் சிறு கேஜ் மாட்டி, ட்ரிகரை இழுத்த நிலையில் பாருங்கள். சாதாரணக் கன்னுக்குப் பெரும்பாலும் 40 முதல் 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வேண்டியிருக்கும், ஹெச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) வகையாக இருந்தால் ஏர் கேப்பிலிருந்து வெளிவரும் காற்றே 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்காது, நுழைவில் எவ்வளவு வைக்க வேண்டும் என்பது அந்தக் கன்னிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த வகைக் கன் அழுத்தத்தைவிட அதிகக் காற்றளவைக் கேட்கும், 2 ஹெச்.பி. கம்ப்ரசர் அதற்கு மூச்சு வாங்கும் என்பதால், கன் பழுது என்று நினைத்ததற்குக் காரணம் சில நேரம் காற்றுப் பற்றாக்குறையாகவே இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் சுவரில் ஒட்டிய பழைய செய்தித்தாளில் ஒரு நொடி தூவிப் பாருங்கள். நல்ல விசிறி, நுனிகள் மெலிந்த நீள்வட்டமாக விழும். நடுவில் தடித்து ஓரம் மெலிந்தால் காற்று குறைவு அல்லது லாக்கர் கெட்டி. நடுவில் பிளந்து இரு முனைகளில் குவிந்தால் காற்று அதிகம் அல்லது லாக்கர் நீர்த்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கனத்தாலோ வளைந்தாலோ ஏர் கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி தூவுங்கள். கோளாறும் சேர்ந்து திரும்பினால் அழுக்கு ஏர் கேப்பில். கோளாறு அதே பக்கம் நின்றால் நாசிலில். எந்தக் கருவியும் இல்லாமல் பத்து நொடியில் முடியும் இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்ட பிறகு தேவையில்லாமல் முழுக் கன்னையும் கழற்றுவதை நான் நிறுத்திவிட்டேன். லாக்கரை நைலான் வலையில் வடிகட்டியே கப்பில் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் இந்தக் கோளாறுகளில் பாதி வரவே வராது.

சுத்தம் செய்யும்போதும் பாதுகாப்பு தேவை. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். சற்றுத் தள்ளி எரியும் அடுப்போ வெல்டிங் பொறியோ அதைப் பற்றவைக்கும். பி.யு. ஹார்ட்னரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால் முகத்தில் கட்டும் கைக்குட்டை எந்தப் பாதுகாப்பும் தராது. கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்கே குறைந்தபட்சம், அதற்கும் நல்ல காற்றோட்டம் துணை வேண்டும். இறுகிப்போன பி.யு.வை எடுக்கப் பெயிண்ட் ரிமூவரில் கன்னைப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: மெத்திலீன் குளோரைடு போன்ற குளோரின் கலந்த கரைப்பான்கள், அழுத்தத்தில் இயங்கும் அலுமினியப் பாகங்களோடு வினைபுரிந்து வெடிக்கக்கூடியவை. காஸ்டிக் சோடா அலுமினியத்தை நேரடியாகவே தின்னும். தண்ணீரில் கரையும் பெயிண்டைத் தூவியிருந்தால் முதலில் தண்ணீரால் கழுவி, கடைசியில் உடனே காற்றூதிக் காயவைத்து எண்ணெயிடுங்கள். நேரே தின்னரை ஊற்றினால் உள்ளேயே தயிர் போலத் திரிந்துவிடும்.

இனி உங்கள் கன்னுக்கு வருவோம். முதலில் கப் மூடியின் துளையைக் குத்திவிட்டுத் தூவிப் பாருங்கள். துப்பல் நிற்கவில்லையென்றால் பேக்கிங் நட்டைச் சுற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தூவுங்கள். அப்போது கொஞ்ச நேரம் சரியாக ஓடினால் பேக்கிங் காய்ந்திருக்கிறது. அதற்கும் நிற்காமல் கப்பில் குமிழி வந்தால், நீடிலை முதலில் உருவிவிட்டு நாசிலைக் கழற்றி, அதன் பின்முகத்தையும் அது உட்காரும் இடத்தையும் நன்றாகத் துடைத்து மறுபடி இறுக்குங்கள். சொட்டுக்கு, பேக்கிங் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். நின்றால் நீடிலைப் பேக்கிங் பிடித்திருந்தது என்று தெரியும். நிற்காவிட்டால் நீடிலும் நாசிலும் தேய்ந்திருக்கின்றன. அப்போது நாசில், நீடில், ஏர் கேப் மூன்றையும் ஒரே செட்டாக, உங்கள் கன்னின் அதே மாடலுக்கு உரியதாகக் கேட்டு வாங்குங்கள், 1.4 என்று எண் ஒத்துப்போவதால் வேறு கன்னின் நீடில் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம், கூம்பின் சாய்வு வேறாக இருக்கும். பேக்கிங், வாசர் கிட்டையும் அதோடு வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். எட்டு மாதத் தின்னர்க் குளியலில் காற்று வழிக்குள் படிந்த லாக்கர் இன்னும் சில நாள்களுக்குச் செதில் செதிலாக வந்துகொண்டிருக்கலாம். எனவே முதல் வாரத்தில் மேசையின் மேல்பலகைகளைத் தொடாமல், அலமாரியின் உட்பக்கங்களை மட்டும் இந்தக் கன்னால் தூவுங்கள்.